பெயர் வெட்டிய டப்பா

ஐந்தரைக்கு எழுந்தேன். கீசர் போட்டேன். கதவில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தேன். ஒரு பாக்கெட். முன்பு இரண்டு. ஒன்று போதும் என்று பால்காரனிடம் மராத்தியில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. வாக்கியம் தெரியாமல் இல்லை.

டிகாக்‌ஷன் இறங்கியது. காபி குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். போட்ட பிறகுதான் இன்று வியாழக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது.

போசரியில் எங்கள் தொழிற்பேட்டைக்கு வியாழன்தான் வார விடுமுறை. மின்வாரியத்தின் ஏற்பாடு. என் மனைவி அகல்யாவின் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு சனியும் ஞாயிறும். பாணேரில் இந்த ஒரே வீட்டில் நான்கு வருடம் இருந்தோம். பண்டிகை தவிர, இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு விடுமுறை கிடைத்ததில்லை. அவளுடைய சனிக்கிழமைகள் எனக்குத் தெரியாது. அவள் போய் நாலு மாதம் தாண்டிவிட்டது. இன்னும் தெரியாது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் அவளுடைய ஸ்கூட்டி மோதியது. வெளிச்சம் நன்றாக இருந்தது. சாலை காலியாக இருந்தது. போலீஸ் விபத்து என்று எழுதியது. நான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு முன் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, அவள் எங்கே போகிறாள் என்று பார்க்க, அனுமதி வாங்கிக்கொண்டு மதியமே பைக்கில் கிளம்பியிருந்தேன். அவுந்தில் ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் ஒருவன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் வீட்டு டப்பாவில். அகல்யா அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிடவில்லை. அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த டப்பா அவள் அம்மா கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தது. எல்லா எவர்சில்வர் பாத்திரத்திலும் எங்கள் இருவர் பெயரும் வெட்டியிருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து எழுத்து தெரியாது. மூடியின் நசுங்கல் தெரிந்தது. நான் கியர் செய்யும் கம்பெனியில் தர ஆய்வாளன். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெயர்.

பைக்கை விட்டு இறங்கவில்லை. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தேவைக்கு மேல் பேசவுமில்லை.

போன வியாழக்கிழமை அவன் போன் செய்தான். "நான் பெனிஸ்டன். உங்க டப்பா ஒண்ணு என்கிட்ட இருக்கு."

இன்று பன்னிரண்டு மணிக்குக் கட்கியில் சந்திப்பதாகச் சொல்லியிருந்தேன்.

ஒன்பது மணிக்கு கிரிஜா அண்ணி வந்தார். அகல்யாவின் அக்கா. சாங்வியில் வீடு. வியாழன்தோறும் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவார்.

"என்னங்க தம்பி, பைக்கெல்லாம் தொடச்சு வெச்சிருக்கீங்க? எங்கீங்க பயணம்?"

"கட்கி வரைக்கும்."

"கட்கில யாருங்க இருக்காங்க?"

அண்ணி கட்டியிருந்த புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரக்கு நிறம். பொடிக் கட்டம். அகல்யாவுடையது.

காரியம் முடிந்த பிறகு பீரோவைத் திறந்தது அண்ணிதான். 'சுமங்கலியாப் போனவ புடவைங்க தம்பி, வெளியாளுக்குக் குடுக்காதீங்க' என்று அத்தனையையும் மடித்து எடுத்துப் போனார். ரவிக்கைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 'இதுல என் ஒரு கைகூட நுழையாதே' என்று சிரித்தார். பிறகு அழுதார். பிறகு அவற்றையும் எடுத்துப் போனார்.

இன்று போட்டிருந்ததும் அகல்யாவின் ரவிக்கை.

"பாத்தீங்களா?" அண்ணி கையைத் தூக்கிக் காட்டினார். "பிரிச்சுத் தைக்கவே இல்லீங்க. அப்படியே பூந்துருச்சு."

"எளச்சிருக்கீங்க."

"எங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாருங்கறீங்க? ரெண்டாங் கல்யாணம் பண்ணின மாதிரி இருக்காம்."

கோவிந்தராஜன் அண்ணா அப்படிப் பேசுகிறவர்தான். அதைச் சொல்லும்போது அண்ணி சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை.

அகல்யா மெலியத் தொடங்கியபோது எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். லிஃப்டில் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் பார்த்தார்கள். இதே அரக்குப் புடவையில் ஒரு வரவேற்பில் அவளை எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று மூலையில் நின்று எண்ணினேன். முதல் மாதம் அது பெருமையாக இருந்தது. பிறகு அது வேறாகிவிட்டது. இப்போது அந்தப் புடவை வேறொரு உடம்பில் நடந்தது. கழற்றுங்கள் என்ற சொல் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"காபி போடட்டுங்களா அண்ணி?"

"வேண்டாங்க. வாசமே புடிக்கல."

காபியை லோட்டாவில் குடிக்கிறவர் அண்ணி. அகல்யா அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள்.

அடுப்பில் சாம்பார் கொதித்தது. அண்ணி ஜன்னலைப் பார்த்து நின்றார். ஜன்னலுக்கு வெளியே பாதி கட்டிய அடுக்குமாடி ஒன்று, அவ்வளவுதான். கரண்டியில் கொஞ்சம் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உப்பு பாத்துச் சொல்லுங்க தம்பி. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

பார்த்தேன். உப்பு இல்லை. புளி மட்டும் இருந்தது.

"கொஞ்சம் போடலாம்" என்றேன். கரண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கை நடுங்கியது. அண்ணி சொன்ன அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். எங்கே கேட்டது என்றும் தெரியும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கட்கியில் ஸ்டேஷன் பக்கத்து இரானி ஹோட்டல். அவன் முன்பே வந்திருந்தான். முப்பது வயதிருக்கும். விரலில் கல்யாண மோதிரம். மேசைமேல் பிளாஸ்டிக் பை. பையினுள் டப்பாவின் வடிவம்.

"வாங்க பாஸ். பன் மஸ்கா சொல்லவா?"

"வேண்டாம்."

"சாய் மட்டும்? ஸாரி, என் தமிழ் வீட்டுத் தமிழ்தான். தாத்தா காலத்துல இருந்து இங்கதான்."

"அவளுக்கு நீங்க யாரு?"

அவன் டீயைக் கீழே வைத்தான். "நான் அவங்களுக்கு எடை பாத்தேன்."

புரியவில்லை.

"அவுந்துல எடை குறைக்கிற கிளினிக். நான் அங்க கவுன்சிலர். மத்லப், அதாவது, மெஷின்ல ஏத்தி எடை பாக்கணும், கார்டுல எழுதணும், மாத்திரை குடுக்கணும். சனிக்கிழமை சனிக்கிழமை வருவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது என்று அவனிடம் சொல்ல மனம் வரவில்லை.

"அவ சோத்தை நீ ஏன் சாப்பிட்டே?"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று எனக்கே தெரியவில்லை. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அவங்களால சாப்பிட முடியல. கொட்டவும் மனசு இல்ல. 'நீ சாப்பிடு பெனி, நான் பாக்கறேன்'னாங்க. நான் சாப்பிடறதை டிவி மாதிரி பாப்பாங்க, பாஸ். 'நல்லா இருக்கா? எப்படி நல்லா இருக்கு, சொல்லு'ம்பாங்க. பருப்பு ரைஸ் எப்படி நல்லா இருக்குன்னு நான் என்னன்னு சொல்றது?"

பருப்புச் சாதம் எனக்குப் பிடிக்கும். மதியம் போசரி கேன்டீனில் அதே சாதத்தை நானும் சாப்பிட்டிருக்கிறேன். எப்படி இருந்தது என்று அவள் என்னிடமும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா?

"பசி போற மாத்திரையா?"

"எல்லாரும் அப்படித்தான் நெனக்கறாங்க. அது வயித்துல வேலை செய்யாது, பாஸ். இங்க." நெற்றிப்பொட்டைத் தொட்டான். "எங்களுக்கு ட்ரெயினிங்ல படம் போட்டுக் காட்டினாங்க. மூளைக்குள்ள ஒரு இடம். வேணும், இன்னும் வேணும்னு சொல்ற இடம். மாத்திரை போய் அதை மூடிடும். சோறு வேண்டாம்னு ஆயிடும். எடை எறங்கும். படம் அத்தோட முடிஞ்சுடுச்சு."

"அப்புறம்?"

"அந்த இடம் சோத்துக்கு மட்டும் இல்லியே. பாட்டு, தூக்கம், சிரிப்பு, ஆளுங்க, எல்லாத்துக்கும் அதே கதவுதான். நெறைய பேருக்கு ஒண்ணும் ஆகல. எளச்சாங்க, சந்தோஷமாப் போயிட்டாங்க. சில பேருக்கு மொத்தமா மூடிடுச்சு."

"அவளுக்கு?"

"ஆகஸ்ட்லயே சிரிப்பு நின்னுபோச்சு. தூக்கம் இல்லன்னாங்க. ஒரு நாள் மெஷின் மேல நின்னுட்டே அழுதாங்க. ரெண்டு கிலோ எறங்கியிருக்குன்னு நான் சொல்றேன், அவங்க அழறாங்க. ஏன்னு அவங்களுக்கே தெரியல. டாக்டர் வாரத்துல ஒரு நாள்தான் வருவார். சொன்னேன். 'எடை எறங்குதில்ல, கன்டின்யூ'ன்னுட்டார். அப்புறம் வெளிநாட்டுல இந்த மருந்தால மனசு கெடுதுன்னு பேசிக்கறாங்கன்னு நெட்ல படிச்சேன். விட்டுடுங்கன்னு சொன்னேன்."

"என்ன சொன்னா?"

அவன் டப்பாவைத் தடவிக்கொண்டிருந்தான். அதைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது.

"விட்டா மறுபடி குண்டாயிடுவேன்னாங்க. 'என் வீட்டுக்காரர் இப்பத்தான் பெனி என்னை உத்துப் பாக்கறாரு'ன்னாங்க."

நான் எப்படிப் பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும்.

"அக்டோபர் பதினொண்ணு, சனிக்கிழமை. நான் குடுக்கலன்னதும் வேற கவுன்டர்ல போய் ஒரு முழு பாக்ஸ் வாங்கிட்டாங்க. டப்பாவைக்கூட மறந்துட்டுப் போயிட்டாங்க. அப்பத்தான் கார்டுல இருந்த நம்பர் பாத்து உங்களுக்குப் போன் பண்ணேன். அகல்யா பத்திப் பேசணும்னு சொன்னேன். நீங்க..."

"வெச்சுட்டேன்."

"அவ பேரைச் சொல்லாதேன்னு கத்திட்டு வெச்சீங்க. நான் மறுபடி பண்ணியிருக்கணும். பயந்துட்டேன், பாஸ். இப்பக்கூட தைரியம் வர நாலு மாசம் ஆச்சு."

பதினொன்று சனி. பதினான்கு செவ்வாய்.

இடையில் ஞாயிறும் திங்களும் இருந்தன. ஞாயிறு அவளுக்கு விடுமுறை, எனக்கு வேலை.

டீ ஆறி ஏடு கட்டியது. ஐந்து மாதமாக இந்த முகத்தை மனதில் அடித்துக்கொண்டிருந்தேன். ஆள் என்றால் அடிக்கலாம். அட்டையில் அடைத்த வெள்ளை மாத்திரையை என்ன செய்வது? சந்தேகம் அங்கேயே போய்விட்டது. பொறாமை போகவில்லை. அவள் அழுததை இவன் பார்த்திருக்கிறான். நான் பார்க்கவில்லை.

எழுந்தபோது அவன் பையை நீட்டினான். "அந்த பாக்ஸைத் தூக்கிப் போட்டுட்டீங்கல்ல? பத்து அட்டை இருந்துச்சு. யாரு கையிலயாவது கெடச்சுடப் போகுது."

"எந்த பாக்ஸ்?"

கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பீரோவை நான் திறக்கவே இல்லை.

பைக்கை சாங்விக்கு விட்டேன். மதிய வெயில். அண்ணன் ஆபீஸில் இருந்தார். கதவு சாத்தியிருக்கவில்லை. அண்ணி சோபாவில் உட்கார்ந்திருந்தார். டிவியில் மராத்தி சமையல் நிகழ்ச்சி. சத்தம் இல்லை. அதே அரக்குப் புடவை.

"வாங்க தம்பி. கட்கி வேலை முடிஞ்சுதுங்களா?"

டப்பாவை முன்னால் வைத்தேன். அண்ணி மூடியில் வெட்டியிருந்த பெயர்களைப் படித்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்கிற ஆர்வம் முகத்தில் இல்லை. இதே அண்ணி முன்பு பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலைக்கூட எண்ணுகிறவர்.

"அண்ணி, பீரோவுல ஒரு பாக்ஸ் இருந்துச்சுல்லீங்க?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பிரிக்காம, பட்டுப் புடவை மடிப்புல இருந்துச்சு" என்றார். "அதைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. நடக்கறேன், தேன் குடிக்கறேன்னு என்கிட்டப் பொய் சொல்லியிருக்கா கழுதை."

"எப்ப இருந்து சாப்பிடறீங்க?"

"கார்த்திகை தீபத்தன்னிக்கு ஆரம்பிச்சேன்."

"ஏன் அண்ணி?"

"பொறாமைதாங்க தம்பி. வேற என்ன? சின்ன வயசுல எனக்குப் பத்தாததைத்தான் அவளுக்குப் போடுவாங்க. என் பாவாடை, என் சட்டை, எல்லாம் அவளுக்கு. ஒரு நாளாவது அவ துணி எனக்கு வந்ததுண்டா? இப்ப வந்துச்சு. வந்தும் நுழையல." குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "சாவு வீட்ல அவளப் படுக்க வெச்சிருக்கறப்ப எல்லாரும் என்ன சொன்னாங்க? 'எத்தனை அழகா எளச்சிருந்தா'ன்னாங்க. அழுகைக்கு நடுவுல என் காதுல அதுதான் விழுந்துச்சு. எம் பொறப்பு செத்துக் கெடக்கறா, நான் அதைக் கேட்டுட்டு நிக்கறேன்."

பெனிஸ்டன் சொன்னதைச் சொன்னேன். கதவைப் பற்றி. மெஷின் மேல் நின்று அழுததைப் பற்றி. லாரி நின்றிருந்ததைப் பற்றி. மாத்திரைதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன்.

"தூக்கம் வருதுங்களா அண்ணி?"

"ரெண்டு மணிக்கு முழிச்சுக்கறேன். அவரு கொறட்டை விடுவாரு. முன்னெல்லாம் எரிச்சலா வரும். இப்ப அதுகூட வரலீங்க."

"அழுகை?"

"வருது. எதுக்குன்னுதான் தெரியல."

"இன்னிக்கோட விட்டுருங்க. நாளைக்கு நான் லீவு போடறேன். நல்ல டாக்டரா ஒருத்தர்கிட்டப் போலாம். அண்ணன்கிட்ட நானே பேசறேன்."

"அவர்கிட்ட வேண்டாங்க." முதன்முறையாகக் குரலில் ஏதோ அசைந்தது. "இருபது வருஷம் கழிச்சு இப்பத்தான் அந்த மனுசன் என்னைத் திரும்பிப் பாக்கறாரு."

"மிச்ச மாத்திரையைக் குடுங்க அண்ணி" என்றேன்.

அண்ணி எழுந்து போனார். பூஜை அலமாரியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். மூன்று மாத்திரை மிச்சம் இருந்தது.

"அவ்வளவுதாங்க. மத்ததெல்லாம் தீந்துபோச்சு."

பாக்ஸில் பத்து அட்டை. அட்டைக்குப் பத்து. நாளுக்கு ஒன்று. தீபத்திலிருந்து இன்றுவரை எழுபத்தேழு நாள். இன்னும் இரண்டு முழு அட்டை இருக்க வேண்டும். தர ஆய்வாளன் புத்தி. சோபாவில் அண்ணியின் கைப்பை இருந்தது. மறுபடி உட்கார்ந்த அண்ணியின் கை அதன் ஜிப்பின்மேல் இருந்தது.

கேட்டிருக்க வேண்டும். ஒரு தடவை கேட்காமல் இருந்தவன் நான். வாய் திறந்தேன்.

அண்ணி முந்திக்கொண்டார்.

"தம்பி, காலையில உப்பு பாக்கச் சொன்னனே. ஏன் உங்க கை அப்படி நடுங்குச்சு?"

ஜிப்பிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"அவ கடைசியா என்ன சொன்னா? 'பாத்துப் போயிட்டு வாங்க'ன்னு சொன்னான்னீங்க. அம்மாகிட்ட அப்படித்தான் சொன்னீங்க. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அம்மா அழுதுட்டு இருக்கு. நெஜமா அதான் சொன்னாளா?"

"இல்லீங்க அண்ணி."

ஜிப்பின்மேல் இருந்த கை அப்படியே நின்றது.

"அப்ப என்ன சொன்னா?"

செவ்வாய்க்கிழமை. காலை ஆறு பத்து. ஆறு இருபதுக்குக் கம்பெனி பஸ். நான் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் கரண்டி. இன்னொரு கையை, சொட்டாமல் இருக்க, அடியில் ஏந்தியிருந்தாள். என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கரண்டியில் ஆவி பறந்தது. அவள் பாதத்தில் எலும்பு தெரிந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. முடிச்சு போட்டேன். எழுந்தேன். டிபனை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். கரண்டி நீட்டியபடியே இருந்திருக்கும்.

அவள் சொன்னது இதுதான்.

"சாம்பார்ல உப்பு இருக்கான்னு கொஞ்சம் பாருங்க. எனக்கு எதுலயுமே ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."